தலைவர் பிடித்த தோமான்

பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வயிற்றெரிச்சலுக்கு இந்த உலகத்தில் தப்பியவன் எவனும் கிடையாது. மன்னன் தப்பவில்லை. மந்திரி தப்பவில்லை. சிலுவைராஜ் மட்டும் சில வாரங்கள் தப்பித்தார். அவரிடம் மோரிஸ் மைனர் கார் இருந்தது. அந்தத் தாய்க்குக் கால் கிடையாது.

சிரிக்காதீர்கள். கரண்ட் வருகிறவரைக்கும் சொல்கிறேன். மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். தங்கராஜு, அந்தச் சிகரெட்டை அணை. இந்தக் கதைக்கு மூக்கு வேண்டும்.

இது எனக்கு நடந்ததல்ல. என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்தானே ஆம்ப்ரோஸ், அவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. அந்த மாமாதான் சிலுவைராஜ்.

அறுபத்து மூன்றாம் வருடம். மழை பெய்யாமல் ஏமாற்றிய வருடம். குழாயில் தண்ணீர் முறை வைத்து வந்தது. வீட்டுக்கு வீடு இரும்பு ட்ரம்மில் பிடித்து வைத்திருந்தோம்.

மாலை ஆறரை மணி. உட்லண்ட்ஸ் ரோட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் பிரிகிற செம்மண் பாதை... ஆள் இல்லை, விளக்கு இல்லை. பாதை போய் முடிகிற இடத்தில், செங்கல் சூளைக்காரன் மண்ணெடுத்துவிட்டுப் போன பெரிய பள்ளம். வருடக் கணக்கில் மழை நிரப்பி அது ஏரியாகிவிட்டது. அதன் கரையில் சிலுவைராஜ், டை கட்டிக்கொண்டு, கையில் தூண்டிலோடு நிற்கிறார்.

டை எதற்கு என்கிறீர்களா? அவர் 'சிங்கப்பூர் நன்னீர்த் தூண்டில் தமிழர் கழக'த்தின் தலைவர். மீன் கண்ணுக்கும் தலைவராகத்தான் தெரிய வேண்டும்.

கழகத்தில் தேர்தல் கிடையாது. வருடா வருடம் போட்டி. பெரிய மீனைப் பிடித்தவருக்குத்தான் நாற்காலி. ஐந்து வருடமாக அதில் சிலுவைராஜ். ஆறாவது வருடம், தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்த ஒலி முகம்மது பன்னிரண்டு ராத்தலில் ஒரு மீனைத் தூக்கிக் காட்டிவிட்டார். மறுநாளோடு போட்டி முடிகிறது. தலைவர் கையில் ஒன்றுமில்லை.

"மாமா, ஒரு வருசம்தானே, விட்டுக்குடுங்க லா," என்று ஆம்ப்ரோஸ் சொல்லியிருக்கிறான்.

"டேய், மைக்குக்கு முன்னாடி அந்த ஆட்டுக்காரன் நின்னா நல்லாவா இருக்கும்? அவனுக்கு 'ழ' வராதுடா!"

இப்போது தோமானைப் பற்றி ஒரு வார்த்தை. நம் விரால் மீனுக்கு அண்ணன் முறை. மலாய்க்காரர்கள் வைத்த பெயர் தோமான். அது தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கும். 'க்ளப்'... என்று ஒரு சத்தம். குஞ்சு பொரித்தால் ஆயிரக்கணக்கில் சிவப்புக் குஞ்சுகள் ஒரே பந்தாகத் திரண்டு மிதக்கும். தாய் அடியிலேயே காவல் கிடக்கும். அந்தச் சிவப்புப் பந்தின்மேல் தவளையைக் கட்டி எறிந்தால் தாய் பாய்ந்து கவ்வும். பசியில் கவ்வாது. கோபத்தில் கவ்வும். சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடலாம்.

அதனாலேயே குஞ்சோடு இருக்கிற தாயைத் தொடக் கூடாது என்று கழகத்தில் கண்டிப்பான விதி. தாய் போனால் குஞ்சு போகும். தோமான் இனம் போனால், அது தின்று அடக்கி வைத்திருக்கிற ஜப்பான் மீன், அதாவது திலேப்பியா, பெருகும். கொஞ்ச நாளில் தண்ணீர் நாறும். விதியை எழுதியவர் யார்? சிலுவைராஜ்தான். எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, தம் நாற்காலிக்கு மேலேயே மாட்டியிருந்தார்.

அன்று மாலை ஆறரை மணிக்கு, வறட்சியில் பாதியாகச் சுருங்கிக் கிடந்த தண்ணீரில், கைக்கெட்டும் தூரத்தில்... சிவப்பாக ஒரு பந்து.

தலைவர் நாலு பக்கமும் பார்த்தார். டையைத் தளர்த்தினார். எறிந்தார்.

கரைக்கு இழுத்த பிறகும் தாய் போராடவில்லையாம். தலையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்ததாம். அங்கே ஜப்பான் மீன்கள் வந்துவிட்டன. சளக்... சளக்... சளக். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசிக் குஞ்சு தீரும்வரை அது பார்த்துக்கொண்டே கிடந்தது.

தோமான் லேசில் சாகாது. கார் பின்சீட்டில், சாக்குக்குள், புக்கித் தீமா தாண்டியும் மூச்சு வாங்கியது. க்ளப்... க்ளப். தலைவர் காரை ஓரங்கட்டி, டயர் கழற்றுகிற இரும்பை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார். இதெல்லாம் அவரே பிற்பாடு ஆம்ப்ரோஸிடம் சொன்னது.

மறுநாள் ஒலி முகம்மது கடைத் தராசில் நிறுத்தார்கள். பதினைந்து ராத்தல்.

ஒலி முகம்மது மீனை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "தலைவரே, தப்பா எடுத்துக்காதீங்க. இது குஞ்சோட இருந்துச்சா?"

"என்னைப் பார்த்தா கேக்குறீங்க? தனியா திரிஞ்சுதுய்யா!"

"தராசு பொய் சொல்லாது தலைவரே. நாற்காலி உங்களுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவினார். கொஞ்சம் அதிக நேரம் கழுவினார்.

இரவு விருந்து. அந்த மீனே குழம்பு. தலைவர் 'நீர்நிலை காப்போம், நெஞ்சம் நிமிர்வோம்' என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசினார். தலைத்துண்டு தலைவருக்கு.

அடுத்த வாரம் ஆரம்பித்தது.

அவர் மனைவி பிலோமினம்மாள்தான் முதலில் கேட்டார். "என்னாங்க... குளியலறை ட்ரம்முக்குள்ள ஏதோ மூச்சு வாங்குது."

"காத்துடி."

"காத்துக்குச் சேத்து வாடை அடிக்குமா?"

மூடியைத் திறந்து டார்ச் அடித்தார் தலைவர். தண்ணீர் தெளிவாக இருந்தது. மூடினார். க்ளப். மறுபடி திறந்தார். அடியில், சிவப்பாக, ஒரு கைப்பிடி அளவு ஏதோ சுழன்றது. வாளியை விட்டு அள்ளினால் வெறும் தண்ணீர்.

ஒரு வாரத்தில் அது தேங்காய் அளவு ஆனது. பிறகு பூசணிக்காய் அளவு. ஆபீஸில் பியூன் கொண்டுவந்து வைத்த கண்ணாடித் தம்ளரிலும் அந்தச் சத்தம் வந்தது. தலைவர் குளிப்பதை நிறுத்திப் பவுடர் போட்டுக்கொண்டார். தண்ணீர் குடிப்பதை நிறுத்திச் சோடா குடித்தார். சோடாவுக்கு இயல்பாகவே சத்தம் உண்டு என்பதால் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தார்.

அங்கே ஏரி வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. பச்சையாகப் பாசி மூடியது. ஜப்பான் மீன்கள் ஒன்றையொன்று நெருக்கி, இருந்ததையெல்லாம் தின்றுதீர்த்து, வயிறு மேலாக மிதந்தன. நாற்றம் மெயின் ரோடுவரைக்கும் வந்தது. பஸ்காரர்கள் ஜன்னலை மூடிக்கொண்டு போனார்கள். கழகத்தார் கூடி, ஏரிக்கு என்ன கேடு வந்தது என்று ஆராயக் குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவர், தலைவரே.

கடைசியில் பிலோமினம்மாள் அழுதுவிட்டார். "யாரு பொருளை எடுத்தீங்க? திருப்பிக் குடுத்துட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. எனக்கு நீங்க உசிரோட வேணும்."

திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? தின்றாகிவிட்டது. மன்னிப்பாவது கேட்கலாம். ஆம்ப்ரோஸைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புறப்பட்டார். நல்ல பகல். வெயில். காரில்தான் எல்லாவற்றையும் சொன்னாராம்.

"மாமா, ரெண்டே வார்த்தை. 'தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்க.' அவ்வளவுதான். சொல்லிட்டு ஓடி வந்துடுங்க."

"எனக்குப் பேசச் சொல்லித் தர்றியாடா?"

ஆம்ப்ரோஸ் பாதையில் காரோடு நின்றான். மாமா கரையில் இறங்கினார். பாசி நடுவில் விலகியிருந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்பு சான்ற நீர்வாழ் தாயே! கழகத்தின் சார்பிலும் என் சார்பிலும் முதற்கண் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்..."

ஆம்ப்ரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"...அன்று நிகழ்ந்த வருந்தத்தக்க நிகழ்ச்சி, சூழ்நிலையின் காரணமாக நேர்ந்ததேயன்றி, எந்தத் தனி மனிதரையும் அதற்குப் பொறுப்பாக்குதல்..."

க்ளப்.

பேச்சு நின்றுவிட்டது. அந்த மனிதர் பேச்சு பாதியில் நின்று யாரும் கேட்டதில்லை. கரண்ட் போனாலும் மைக் இல்லாமல் தொடர்கிறவர். அதனால்தான் ஆம்ப்ரோஸ் ஓடினான்.

கரையில் ஷூ இரண்டும் சேற்றில் புதைந்து நின்றன. கயிறு கட்டியபடியே. உள்ளே காலுறைகூட இருந்தது. தண்ணீரில் சிவப்பாக... பந்து இல்லை. நீளமாக. ஓர் ஆள் நீளம். கை மாதிரி இரண்டு பக்கமும் கிளை விரிந்து, ஆயிரமாயிரம் குஞ்சுகள் ஒட்டி ஒட்டி, மெதுவாக ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் அடியில் கறுப்பாக ஒன்று காவலாகக் கூடவே போனது.

"சும்மா லா," என்கிறாயா தங்கராஜு? போலீஸ் வந்தது. பாதாளக் கரண்டி போட்டது. வறட்சியில் அந்த ஏரியின் நடுப்பகுதியே ஆள் கழுத்துக்கு மேல் இல்லை. இரண்டு நாள் துழாவினார்கள். சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் மழை கொட்டியது. பாசி போய்விட்டது. தண்ணீர் தெளிந்தது. எங்கிருந்து வந்தன என்று தெரியாது, ஏரி முழுக்கத் தோமான். ஒலி முகம்மது, குஞ்சு இல்லாமல் தனியாகத் திரிந்த ஒன்றை முறைப்படி பிடித்தார். பெரிய மீன். கடையில் வைத்து வயிற்றைக் கீறியபோது கத்தி எதிலோ 'டிக்' என்று பட்டது.

பல் செட்.

பிலோமினம்மாளை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டார். "இது அவரோடது இல்லைங்க. எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் சொந்தப் பல்லு."

போலீஸ் விசாரித்ததும் செராங்கூன் ரோட்டுப் பல் டாக்டர் தம் அலமாரியிலிருந்து ஒரு பழைய அச்சை எடுத்துவந்து பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும், கல்யாணத்துக்கு முந்தின மாதம் சிலுவைராஜுக்குக் கட்டியது.