பத்தொன்பதாவது படம்

நூற்றுப் பதினான்கு பேரின் கண்களும் ஒரே நொடியில் திறந்திருக்கும்படி ஒரு படம் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை, தம்பி. யாராவது ஒருவர் மூடிவிடுவார். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் எப்போதும் என் அண்ணன் ஆர்லோதான். ஞானஸ்நானப் படத்தில் மூடியிருந்தார். மூன்று வாரக் குழந்தை, மன்னித்துவிடலாம். கல்யாணப் படத்தில் மூடியிருந்ததையும் மன்னிக்கலாம். பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வருடா வருடம் நடக்கும் குடும்ப ஒன்றுகூடலின் முப்பத்தெட்டு படங்களிலும் அப்படியே என்றால், அதை வேண்டுமென்றே செய்வதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவாகிறதா? சரி. என் பெயர் லவான் ஹால்வர்சன். வயது எண்பத்தாறு. முப்பத்தோரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியை. திருமணம் செய்துகொள்ளவில்லை, ஒழுங்கான ஆள் அகப்படவில்லை. ஒன்றுகூடலை முதல் வருடத்திலிருந்து நடத்துவது நான்தான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதற்கு அவசியம் ஏற்படவில்லை.

ஜனவரி முதல் வாரம் எல்லோருக்கும் விதிமுறைகள் தபாலில் போய்விடும். பதினோரு பக்கம். எங்கள் தாத்தா நெல்ஸுக்கு ஏழு பிள்ளைகள். ஏழு கிளை, கிளைக்கு ஒரு நிறச் சட்டை. நானும் ஆர்லோவும் வெளிர்நீலம். உருளைக்கிழங்கு சாலட் பச்சைக் கிளை மட்டும் கொண்டுவர வேண்டும், கடுகு விழுது சேர்க்காமல். உணவைக் கரடிப் பெட்டியில், அதாவது கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டியில், பூட்டிவைக்க வேண்டும். இதையெல்லாம் கொடுமை என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் முப்பத்தெட்டு வருடத்தில் எங்கள் மலை முகாமில் ஒரு கரடி வந்ததில்லை. ஒரு விவாகரத்தான மருமகன்கூட வந்ததில்லை.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் பித்தளைப் பலகை பார்த்திருப்பீர்கள். 'இறைவனின் அருகாமையைத் தேடி நெல்ஸ் ஹால்வர்சன் இம்மலை ஏறினார்.' வாசகம் என்னுடையது.

இனி நடந்ததற்கு வருகிறேன். சனிக்கிழமை மதியம் குடும்பப் படம். நடுவில் மான்கொம்பு நாற்காலி. அதில் குடும்பத்தின் மூத்தவர் உட்காருவார்; இந்த வருடம் முதல் முறையாக அது ஆர்லோ. படம் முடிந்ததும் அவர் எழுந்து அடுத்த வருடம் எங்கே என்று அறிவிப்பார். ஓட்டு கிடையாது, விவாதம் கிடையாது. இதுவரை உட்கார்ந்த மூத்தவர்கள் அத்தனை பேரும் 'இங்கேயே' என்றுதான் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டு ஆப்பிள் பை சாப்பிடப் போவார்கள். வருடத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் அது.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது ஆர்லோ, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்:

"லவான், நாளைக்கு நான் வேற இடம் சொல்லப் போறேன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் என் மேல பாயாதே."

"எந்த இடம்?"

"கீழ, பியூப்ளோ டவுன்ல. ஹைவே ஓரமா ஒரு ஹோட்டல். லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு. முக்கியமா, காத்து இருக்கு."

"தாத்தா ஏறின மலை இது, அண்ணா."

"தாத்தா பெண்டாட்டி வாய்க்குப் பயந்து ஏறினாரு. உனக்கே தெரியும். உன் பலகையில மட்டும்தான் மனுஷன் கடவுளைத் தேடினாரு."

மேசையில் பதினொரு பேர் சிரித்தார்கள். பெயர்கள் என்னிடம் இருக்கின்றன.

அவர் மகள் மார்னாவும் சேர்ந்துகொண்டாள். "ஒன்பதாயிரம் அடி, அத்தை. வருஷா வருஷம் அப்பாவை மூட்டை மாதிரி மேல ஏத்துறோம். எதுக்கு? ஒரு படத்துக்கு."

"ஒரு படம் இல்லை மார்னா. குடும்பப் படம்."

"அதுலயும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் ஆர்லோ. மறுபடி சிரிப்பு.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அறைக்குப் போய்ப் பல் துலக்கிவிட்டு நன்றாகத் தூங்கினேன். ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தேன்: லிஃப்ட் உள்ள இடத்தில் ஒரு குடும்பம் எத்தனை வருடம் தாங்கும்? பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கிடப்பார்கள். மாப்பிள்ளைகள் அறையில் பந்தாட்டம் பார்ப்பார்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்த நான் விசில் ஊதினால் ஹோட்டல்காரன் வந்து நிறுத்தச் சொல்வான்.

மார்னா டாக்டரின் கடிதத்தை டிசம்பரிலேயே அனுப்பியிருந்தாள். அந்த உயரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் ஐந்து நிமிடத்துக்கு மேல் அவர் இருக்கக் கூடாது. ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கடிதத்தை விதிமுறைகளின் பதினோராம் பக்கத்தில் சேர்த்ததே நான்தான்.

சனிக்கிழமை காலை படம் எடுக்கும் இடத்தை மேல் புல்வெளிக்கு மாற்றினேன். பின்னால் சிகரம் முழுதாகத் தெரியும். ஆர்லோ ஏழு இடத்தில் நின்று நின்று ஏறிவந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் குனிந்து சொன்னேன்:

"அண்ணா, படத்துக்கு அந்தக் குழாய் வேண்டாமே. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"ரெண்டு நிமிஷம்தானே?"

"ரெண்டே நிமிஷம்."

நானே கழற்றினேன், மெதுவாக. ஆக்சிஜன் வீணாகக் கூடாதென்று சிலிண்டரை மூடினேன். அதைத் திறந்து மூட ஒரு சின்னச் சாவி உண்டு. தொலைந்துவிடக் கூடாதென்று என் விசில் கயிற்றில் கோத்துக்கொண்டேன். சிலிண்டரை அதன் தள்ளுவண்டியோடு ஒரு மரத்துக்குப் பின்னால் உருட்டி வைத்தேன். படத்தில் சக்கரங்கள் தெரிந்தால் நன்றாக இருக்காது.

ஆறாவது விதியைச் சொல்ல வேண்டும். முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் நடுவில் யாரும் நகரக் கூடாது. ஒரு வருடம் பாதிப் பேர் ஆப்பிள் பை சாப்பிட ஓடிவிட்டார்கள். அதனால் வந்த விதி. எங்கள் ஆட்கள் நன்றாகப் பழகியவர்கள். பாதிப் பேர் என் பள்ளியில் படித்தவர்கள்.

முதல் விசில் ஊதினேன். படம் எடுப்பவன் என் சித்தப்பா மகளின் பிள்ளை ட்வைட். நூற்றுப் பதினான்கு தலையும் அடங்க வேண்டுமென்று வெகுதூரம் தள்ளி நின்றான். அங்கிருந்து ஒவ்வொரு முகமும் பட்டாணி அளவு. நான் நாற்காலிக்கு எதிரே, ஓரமாக நின்றேன். படத்தில் நான் இருப்பதில்லை; என்னை முன்னிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிக்காது. ஆக, ஆர்லோவின் முகம் தெளிவாகத் தெரியும் இடத்தில் இருந்தது நான் மட்டும்தான்.

முதல் படத்தில் கண்ணை மூடியிருந்தார். இரண்டாவதிலும். மூன்றாவதில் மஞ்சள் கிளையில் ஒரு குழந்தை அழுதது. ஐந்தாவதில் நாய். ஏழாவது முடிந்ததும் ட்வைட் கத்தினான்:

"பெரியம்மா, இது அருமையா வந்திருக்கு! போதும்!"

"ஆரஞ்சுக் கிளையில ஒருத்தன் தொப்பி போட்டிருக்கான். திரும்ப எடு."

ஒன்பதாவதில் ஆர்லோ என்னைப் பார்த்தார். பேச முயன்றார் என்று நினைக்கிறேன். விதிப்படி பேசக் கூடாது. பன்னிரண்டாவதில் அவர் உதடு நிறம் மாறியது. வெளிர்நீலம். எங்கள் கிளையின் நிறம் என்பதால் கண்ணை உறுத்தவில்லை.

மார்னா பின் வரிசையில், பெஞ்சு மேல் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் பின்னந்தலை மட்டும். "அத்தை, அப்பா சிலிண்டர் எங்க?" என்றாள். "பக்கத்துலதான் இருக்கு, நகராதே, வரிசை கெடும்" என்றேன். நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தூக்கினாள். அறுபத்திரண்டு வயது, நகரசபை உறுப்பினர், வகுப்பில் அனுமதி கேட்பதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பதினாறாவது படத்தில் அந்தக் கை தெரியும். அதனால் பதினேழாவது எடுக்க வேண்டியதாயிற்று.

மொத்தம் இருபத்தாறு நிமிடம். நூற்றுப் பதினான்கு பேரில் ஒருவர்கூட இடத்தை விட்டு அசையவில்லை. நீங்கள் என்னை மட்டும் இங்கே உட்கார வைத்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

பத்தொன்பதாவது எடுத்ததும் இரண்டாவது விசில் ஊதினேன். மார்னா பெஞ்சிலிருந்து குதித்து ஓடிவந்தாள். சிலிண்டரைக் கண்டுபிடித்தார்கள், திறக்க முடியவில்லை. யாரோ விரலால் திருகினார்கள். ட்வைட் இடுக்கி எடுக்க வண்டிக்கு ஓடினான். "சாவி, சாவி" என்று மார்னா கத்திக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். ஆனால் அப்போது நான் பேசிக்கொண்டிருந்தேன். மூத்தவரால் முடியாதபோது அடுத்த மூத்தவர் அறிவிக்க வேண்டும் என்பது நான்காம் பக்கத்தில் இருக்கிறது. ஆர்லோவுக்கு அடுத்தது நான்.

"அடுத்த வருஷமும் இங்கேயே" என்றேன்.

மஞ்சள் கிளையில் இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். பழக்கம்.

நீங்கள் நேற்றிலிருந்து தேடும் சாவி இதுதான். எடுத்துக்கொள்ளுங்கள். மூடியதும் நான்தான், கொடுக்காமல் இருந்ததும் நான்தான், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தே நின்றதும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும்? விசிலை நான் வைத்துக்கொள்கிறேன். ஜனவரியில் விதிமுறைகள் அனுப்ப வேண்டும். இங்கிருந்து தபால் போக விடுவார்கள்தானே?

அண்ணன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தப் பத்தொன்பதாவது படத்தை நீங்கள் பெரிதாக்கிப் பாருங்கள். எண்பத்தெட்டு வருடம் ஒரு படத்தில்கூடக் கண்ணைத் திறந்து வைக்காத மனுஷன், கடைசியில் எனக்காக இரண்டையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, இமைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.