குறுக்குக் காற்று

எங்கள் ஊரில் எதிரெதிர் ஜன்னல்களை யாரும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது போகும். உங்களுக்குத் தெரியாததா ஐயா? நான் உள்ளே வந்ததும் நீங்கள் எழுந்து அந்த ஜன்னலைத்தானே சாத்தினீர்கள்.

எங்கள் ஆவணக் காப்பகத்தின் சர்வர் வெந்துபோனதற்கும் அந்தப் பயம்தான் காரணம் என்று விசாரணையில் முடிவு கட்டியிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவு ஸ்லாவிட்சா அக்கா தினமும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "அந்தக் குளிரூட்டிய அணைச்சுத் தொலைங்கப்பா! மெஷினுக்கு வேர்த்தா வேர்க்கட்டும், எனக்கு இருக்கிறது ஒரே கழுத்து" என்று கத்துவாள். அவள்தான் அணைத்தாள் என்று அவள் வேலை போகப்போகிறதாம். எனக்கு இளகிய மனசு. ஆகவே வந்தேன்.

காப்பகத்தில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி பழுப்புப் பெட்டிகள். எதற்குள் யாருடைய காகிதம் இருக்கிறது என்று சொல்வது மென்பொருளில் நான் எழுதிய விவரக்குறிப்புகள் மட்டும்தான். கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய வயது முழுவதையும் அதில் தட்டச்சு செய்து கழித்தேன். பெண்கள் தப்பித்தார்கள்.

மென்பொருளை எங்கே நிறுவுவது என்று பேச்சு வந்தபோது, பெல்கிரேட் கம்பெனியின் சர்வரில் வாடகைக்கு வைக்கலாம் என்றார்கள். நான் இயக்குநர் சினிஷாவிடம் போனேன். சினிஷா என் கூம். அவன் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன் நான். அவன் மகளுக்கு ஞானத்தகப்பனும் நான்தான். கூடப்பிறந்தவன் ஏமாற்றலாம், கூம் ஏமாற்றமாட்டான்.

"கூமே, நம்ம பொண்ண அடுத்தவன் வீட்ல வளர்க்கிறதாடா?" என்றேன்.

அவன் சிரித்தான். "சரிடா. உன் பொண்ணு உன் வீட்லயே இருக்கட்டும்."

சர்வர் என் மேசைக்குப் பக்கத்து அறைக்கு வந்தது.

இந்தக் கோடையில் பெல்கிரேடிலிருந்து ஒரு பையன் தொலைபேசியில் பேசினான். "உங்க டைரக்டர் எழுதின குறிப்புகளத் திங்கக்கிழமை எங்க பக்கம் மாத்திடுறோம் சார். என்னமா எழுதியிருக்காரு மனுஷன்!"

குறிப்புகளைத் தன் பெயரில் பெல்கிரேடுக்குக் கொடுக்க சினிஷா எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டான். கேட்டதற்கு, "யார் பேர்ல இருந்தா என்னடா, குடும்பம்தானே" என்று எனக்கு ஒரு கிளாஸ் ரக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தான். நல்ல ரக்கியா. குடித்தேன்.

வெள்ளிக்கிழமை குளிரூட்டியை அணைத்து, கதவைச் சாத்தினேன். ஸ்லாவிட்சா அக்கா எனக்கு ஆயுசு நூறு என்று வாழ்த்தினாள். ஆனால், ஐயா, சூடு எதையும் அழிக்கவில்லை. அதற்கு முன்பே, பிரதிகள் உட்பட எல்லாவற்றையும் நான் அழித்துவிட்டேன். சூடு பழியை மட்டும் ஏற்றுக்கொண்டது.

யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, சினிஷாவைத் தவிர. பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திறந்து படிக்க ஒரு ஆயுசு போதும்.

ருஷா அம்மாவைக் கேட்கிறீர்களா? எண்பதைத் தாண்டியவர். அவர் குழந்தையாக இருந்தபோது, உலகப் போரின் கடைசி இலையுதிர்காலத்தில், அப்பாவைக் கூட்டிப்போய்ச் சுட்டுவிட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று வாராவாரம் வருவார். வசந்தத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு செங்கற்சூளையின் கூலிக் காகிதங்களுக்கு நடுவில் அந்தத் தகவல் கிடந்தது. குறிப்பும் எழுதிவிட்டேன். அவர் வீட்டுப் புனிதர் திருநாளன்று பரிசாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

நேற்றும் வந்தார்.

"ஏதாச்சும் கிடைச்சுதாப்பா?"

"எல்லாம் வெந்துபோச்சும்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தனக்காக அல்ல. "உன் உழைப்பெல்லாம் போச்சேடா கண்ணு" என்று. கொண்டுவந்த ஜாம் பிஸ்கட்டுகளை ஒன்று விடாமல் தின்றேன். மிச்சம் வைத்தால் அவர் மனசு கஷ்டப்படும்.

எந்தப் பெட்டி, எந்தச் சூளை, எந்த மல்பெரி மரத்தடி, எல்லாம் எனக்கு மனப்பாடம். அவரிடம் சொன்னால் சினிஷா காதுக்குப் போகும். அவன் பெயரில் பெல்கிரேடில் ஏறிவிடும். இங்கே, என் தலைக்குள் இருந்தால் யாரும் தொட முடியாது.

நம்பி வந்தவர்களை நான் கைவிட்டதே இல்லை, ஐயா.