கண்ணாடி வீட்டுச் சாவி

நாவலப்பிட்டியில் கண்டி ரயில் புறப்பட்டது. மூன்றாம் வகுப்பில் என் எதிரே ஒரு பங்களாத் தோட்டக்காரரும் மனைவியும் இருந்தார்கள். பெரிய துணிமூட்டை ஒன்றை அவள் மடியை விட்டு இறக்கவேயில்லை.

“தொரசாணி என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் சரி, சாவியக் குடுக்க மாட்டேன்” என்றார் அவர்.

“கண்ணாடி வீடும் உள்ள இருக்கிற செடியும் அவங்களுது. அவங்க பொருள அவங்களுக்கே தெரியாம தூக்கிட்டு வரலாமா?”

“போன தடவ நான் இல்லாதப்ப என்னா செஞ்சாங்க? வாடுதேன்னு பாவம் பாத்து, வேளைக்கு வேளை தண்ணி ஊத்திட்டாங்க. மணல்ல நட்ட பெகோனியாத் தண்டு அம்புட்டும் அழுகிப் போச்சு. ஏச்சு வாங்குனது நான். இந்தத் தடவ வேர் விடாம யாரும் உள்ள போகக் கூடாது.”

“பூட்டிட்டீங்க, சரி. இந்த வெயிலுக்குத் தண்டெல்லாம் உள்ளயே வெந்து போகாதா?”

அவர் சட்டென்று எழுந்தார்.

“கம்பளையில எறங்கித் திரும்பிப் போறேன். நீ கல்யாணத்துக்குப் போ.”

“அண்ணன் இல்லாம ஒங்க தங்கச்சி கழுத்த நீட்டுமா? உக்காருங்க. பின்னால ஜன்னலத் தொறந்து வச்சிட்டுத்தான் வந்தேன்.”

“ஐயோ, அது வழியா ஊத்துவாங்களே!”

“எதால ஊத்துவாங்க?”

அவள் மூட்டையின் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக் காட்டினாள். கல்யாணச் சேலைக்குள், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பங்களாவின் பூவாளி இருந்தது.