ஆபிரகாம் போன் பண்ணாரு

ஹேமந்த்: ...அதான் சொல்றேன், நேத்து ஆபிரகாம் போன் பண்ணாரு.

ஜெசிந்தா: யாரு?

ஹேமந்த்: ஆபிரகாம். நம்ம கண்காட்சியில ஏழு படம் மாட்டியிருக்கோமே, சதுரங்கப்பட்டினத்துக்காரர். ஏணிய ஆட்டாத ஜெசி, சுவத்துல நீ ஒட்டற எழுத்து கோணுது.

ஜெசிந்தா: ஏணிய நீதான் புடிச்சிகினு கீற. ...உனுக்கா பண்ணாரு?

ஹேமந்த்: ஏன், எனக்குப் பண்ணக் கூடாதா? கண்காட்சி நடத்துறவன் நான்.

ஜெசிந்தா: அதுக்கில்ல. அவருகிட்ட போனே கெடையாதே.

ஹேமந்த்: யார் போன்லயோ பேசினாரு. பின்னாடி அலை சத்தம்.

ஜெசிந்தா: இன்னா பேசுனாரு?

ஹேமந்த்: நல்லா பேசினாரு. கட்டைக் குரல். கூச்ச சுபாவம், ஆளப் பாத்தா ஓடிடுவாருன்னு நீ சொல்லிகிட்டிருந்த. அந்த மனுஷன் வாய் ஓயவே இல்ல.

ஜெசிந்தா: ...'கண்காட்சி'ல ஒரு புள்ளி கீழ விழுந்துட்ச்சி. எட்து குடு.

ஹேமந்த்: இந்தா. புத்தகத்தப் பத்தியும் சொன்னாரு.

ஜெசிந்தா: எந்தப் புக்கு?

ஹேமந்த்: நீ டிசைன் பண்ணுன கண்காட்சிப் புத்தகம்தான். அட்டை, கருவாடு மடிச்ச பேப்பர் மாதிரி இருக்காம்.

ஜெசிந்தா: அவரு அப்டி சொல்லிருக்க மாட்டாரு.

ஹேமந்த்: உனக்கு எப்படித் தெரியும்?

ஜெசிந்தா: தெரியும். அந்த அட்டைக்கு எத்தினி வாட்டி பிரஸ்ல போய் நின்னேன்... அந்த நீலம் வர்றதுக்குள்ள, பிரஸ்காரரு என்னப் பாத்தாலே ஷட்டர எறக்க ஆரம்பிச்சிட்டாரு. அந்த நீலம் அவருக்குப் புடிக்கும்.

ஹேமந்த்: பிரஸ்காரருக்கா?

ஜெசிந்தா: ஆபிரகாமுக்கு.

ஹேமந்த்: பாக்காமலேயா?

ஜெசிந்தா: ...காட்னேன். வாட்ஸப்புல.

ஹேமந்த்: போன் இல்லேன்னியே.

ஜெசிந்தா: அவரு மச்சான் போன்ல. இன்னாடா, போலீசு மாதிரி தோண்டிக்கினு...

ஹேமந்த்: கோச்சுக்காத. சாயந்தரம் வர்றாராம்.

ஜெசிந்தா: யாரு, மச்சானா?

ஹேமந்த்: ஆபிரகாம். திறப்பு விழாவுக்கு.

ஜெசிந்தா: வர மாட்டாரு. இந்நேரம் கடலுக்குப் போயிருப்பாரு.

ஹேமந்த்: கடல்ல இருந்துதான் பேசினாரு.

ஜெசிந்தா: அங்க டவர் கெடைக்காது.

ஹேமந்த்: எனக்கும் அதான் ஆச்சரியமா இருந்துச்சு. எப்படியோ, வந்தா நல்லது. பாலசுப்ரமணியன் சார் ஆபிரகாமப் பாக்கணும்னு துடிக்கிறாரு. இந்தப் பழைய ஐஸ் பேக்டரிய நம்மள நம்பி கண்காட்சிக்கு விட்டவரு அவரு. ஆபிரகாம்தான் ரிப்பன் வெட்டணுமாம், ரெண்டு வார்த்தை பேசணுமாம். நான் சரின்னுட்டேன்.

ஜெசிந்தா: என்னைக் கேக்காமலா?

ஹேமந்த்: உன்னை எதுக்குக் கேக்கணும்? நீ டிசைனர்தானே.

ஜெசிந்தா: ...ம்.

ஹேமந்த்: என்ன, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?

ஜெசிந்தா: ஒண்ணும் இல்ல. நீ போய் லைட்காரரு வந்துட்டாரா பாரு. நான் எறங்கிக்கிறேன்.

ஹேமந்த்: பாத்து எறங்கு. வந்துடறேன்.

ஜெசிந்தா: ...அலோ. ஜோஷ்வா அண்ணாத்த? எங்க கீற?

ஜோஷ்வா: கடையில. போட் இஞ்சின் ஒண்ண பிரிச்சுப் போட்டுகினு கீறேன். இன்னா, மெதுவாப் பேசற?

ஜெசிந்தா: ஒடனே பைக்க எடுத்துகினு மாமல்லபுரம் வா. பழைய ஐஸ் பேக்டரிக்கு.

ஜோஷ்வா: அங்க இன்னா?

ஜெசிந்தா: நீ ஆபிரகாம்.

ஜோஷ்வா: நான் ஜோஷ்வா.

ஜெசிந்தா: தெரியும். இன்னிக்கு மட்டும் ஆபிரகாம். ஓவியரு.

ஜோஷ்வா: சித்தப்பாவுக்குப் போன் போடட்டா? பொண்ணுக்கு வெயில்ல இன்னாமோ ஆயிட்ச்சின்னு?

ஜெசிந்தா: எங்கப்பா கிட்ட மூச்சு வுடாத. கேளு. நான் படம் வரைஞ்சு கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேனே...

ஜோஷ்வா: மேல இருந்து பாத்த மாதிரி? ஐஸ் பொட்டி, தார்ப்பாய், மீன் ஏலம்...

ஜெசிந்தா: அதான். அத இந்த ஹேமந்துக்குக் காட்னேன். நின்ன வாக்குல பாத்துட்டு, 'போஸ்டர் மாதிரி இருக்கு ஜெசி'ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான். எத்தினி கண்காட்சி, எத்தினி புக்கு சேந்து பண்ணிருக்கோம்... என் பேரு எங்க வரும் தெரியுமா? கடைசிப் பக்கத்துல, பிரஸ் அட்ரசுக்குக் கீழ, எறும்பு மாதிரி.

ஜோஷ்வா: அந்த எழுத்த சின்னதா வெச்சது நீதானே?

ஜெசிந்தா: அது வேற. அதே படத்த ஆபிரகாம்னு பேரு போட்டு அனுப்புனேன். வயசு அறுபது, கடலுக்குப் போறவரு, கூச்சக்காரருன்னு. ஆபிரகாம்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. தொர முன்னுரைன்னு ரெண்டு பக்கம் எழுதித் தள்ளிட்டான். 'அலையின் கண்ணால் கரையைப் பார்த்தவர்'னு.

ஜோஷ்வா: அப்டின்னா?

ஜெசிந்தா: எனுக்கும் புரியல. ஆனா படிச்சிட்டு அழுதுட்டேன்... சரி வுடு. இப்ப இன்னாடான்னா, ஆபிரகாம் போன் பண்ணாருன்றான்.

ஜோஷ்வா: ஆபிரகாம்தான் கெடையாதே.

ஜெசிந்தா: அதத்தான் அவன்கிட்ட சொல்ல முடியல.

ஜோஷ்வா: எனுக்கு நாப்பத்தஞ்சு ஆவுது. அறுபதுன்னா நம்புவாங்களா?

ஜெசிந்தா: மூஞ்சப் பாத்தா நம்புவாங்க. நீ எதுவும் பேசாத. கேட்டா சிரி. ரொம்பக் கேட்டா கடல் பக்கம் திரும்பிக்க.

ஜோஷ்வா: இஞ்சின்காரன் வந்து திட்டுவான்...

ஜெசிந்தா: அண்ணாத்த...

ஜோஷ்வா: வரேன், வரேன். வை.

ஹேமந்த்: லைட் மாட்டியாச்சு ஜெசி. வாசல்ல பைக்கு சத்தம். ...வாங்க வாங்க. ஆபிரகாம் சார்தானே?

ஜோஷ்வா: ம்.

ஹேமந்த்: நேத்து போன்ல பேசினோமே.

ஜோஷ்வா: ம். பேசுனோம்.

ஜெசிந்தா: பேசுனியா... பேசுனீங்களா?

ஜோஷ்வா: சாரே சொல்றாரே.

ஹேமந்த்: அட்டை கருவாட்டுப் பேப்பர் மாதிரி இருக்குன்னீங்க. ஜெசிக்கு மனசு கஷ்டமாயிடுச்சு.

ஜோஷ்வா: கருவாடு நல்லதுதானே.

ஹேமந்த்: இந்தப் பெரிய படம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?

ஜோஷ்வா: ...கடல்.

ஹேமந்த்: இதுல கடலே இல்லையே.

ஜோஷ்வா: அதான்.

ஹேமந்த்: அடடா. இத எழுதி வெச்சுக்கணும்.

ஜெசிந்தா: அவரு அப்டித்தான், ஒரு வார்த்தையில முடிச்சிடுவாரு. போதும் ஹேமந்த், வெயில்ல வந்துகீறாரு.

ஹேமந்த்: ஒரே ஒரு விஷயம் சார். சுவத்துல எடம் பத்தல. இந்தப் பெரிய படத்த எறக்கிட்டு, வேற ஒருத்தர் படத்த மாட்டலாமான்னு யோசிக்கிறேன். நீங்க சரின்னா...

ஜோஷ்வா: எறக்கிடுங்க.

ஜெசிந்தா: இன்னாது?

ஜோஷ்வா: எடம் இல்லேன்றாரு, பாவம்.

ஹேமந்த்: எவ்வளவு பெரிய மனசு. வரைஞ்சவரே சொல்லிட்டாரு. ஜெசி, அந்த மூலையப் புடி.

ஜெசிந்தா: தொடாத.

ஹேமந்த்: படத்துக்குச் சொந்தக்காரரே...

ஜெசிந்தா: அவரு சொந்தக்காரரு இல்ல.

ஹேமந்த்: பின்ன யாரு?

ஜெசிந்தா: ...நான். நான்தான் வரைஞ்சேன். ஏழும். இந்த ஒண்ண முடிக்கறதுக்குள்ள தோள்பட்ட எறங்கிட்ச்சி எனுக்கு. ஆபிரகாம்னு ஒரு ஆளே கெடையாது, போதுமா? இப்ப எறக்கு, பாக்கலாம்.

ஜோஷ்வா: அப்ப நான் கெளம்பலாமா?

ஹேமந்த்: இருங்க ஜோஷ்வா அண்ணே, டீ சொல்றேன்.

ஜெசிந்தா: இவரு பேரு உனுக்கு எப்டித் தெரியும்?

ஹேமந்த்: சட்டை முதுகப் பாரு. 'ஜோஷ்வா போட் இஞ்சின் சர்வீஸ், சதுரங்கப்பட்டினம்.' உன் கை எழுத்துதான். 'ஜோ'வோட கொம்ப தூண்டில் முள் மாதிரி வேற யாரு வளைப்பா?

ஜெசிந்தா: அண்ணாத்த, வேற சட்ட போட்டுகினு வரத் தெரியாதா?

ஜோஷ்வா: இருக்கறதுல நல்ல சட்ட இதான்.

ஜெசிந்தா: அப்ப நேத்து போன் வந்துதுன்னது?

ஹேமந்த்: புளுகு. கட்டைக் குரல், அலை சத்தம், கருவாடு... எல்லாம் நானே. கடல்ல இருந்து பேசினாருன்னப்பவாவது நீ கண்டுபுடிச்சிடுவன்னு நெனச்சேன்.

ஜெசிந்தா: பாவி. எப்பலர்ந்து தெரியும்?

ஹேமந்த்: ஆபிரகாம் படம்னு போட்டோ புடிச்சு அனுப்புனியே. ஒண்ணுல ஓரத்துல உங்க வூட்டு மொசைக் தரை. கிறிஸ்துமசுக்கு வந்து அந்தத் தரையில உக்காந்துதானே நானும் என் பொண்டாட்டி பிரபாவும் பிரியாணி சாப்புட்டோம். பிரபாதான் கண்டுபுடிச்சா. படத்தப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துகிட்டே இருந்தாளா...

ஜெசிந்தா: தெரிஞ்சும் ஏன் கேக்கல?

ஹேமந்த்: நீயா சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்ற மாதிரி இல்ல. போஸ்டர்னு சொன்ன வாய்க்கு ஊரு முன்னாடி கரி பூசப் போறியோன்னு பயம் வேற. ...காலையில யாரும் வர்றதுக்கு முன்ன வந்து, இந்தப் பெரிய படத்துக்கு எதிர்ல நின்னு பாத்தேன் ஜெசி. போஸ்டர் இல்ல.

ஜெசிந்தா: காதுல வுழல.

ஹேமந்த்: போஸ்டர் இல்ல.

ஜெசிந்தா: அண்ணாத்த, நீ கேட்டியா?

ஜோஷ்வா: கேட்டேன். அந்த டீ எப்ப வரும்?

ஜெசிந்தா: ...ஆனா புக்கு அச்சாயி வந்துட்ச்சே. பக்கத்துக்குப் பக்கம் ஆபிரகாம்.

ஹேமந்த்: பிழை திருத்தம்னு ஒரு துண்டுத் தாள் அடிச்சு உள்ள சொருகிடலாம். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜெராக்ஸ் கடை திறந்துதான் இருக்கு. லேப்டாப்ப எடு.

ஜெசிந்தா: சரி... 'பிழை திருத்தம். ஆபிரகாம் என்று வரும் இடங்களில் எல்லாம் ஜெசிந்தா என்று வாசிக்கவும்.'

ஹேமந்த்: எழுத்த இந்த வாட்டியாவது கொஞ்சம் பெருசா வை. பாலசுப்ரமணியன் சாருகிட்ட நான் பேசிக்கிறேன். ரிப்பன நீ வெட்டு.

ஜெசிந்தா: ஹேமந்த்... ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு. அந்த ரெண்டு பக்கம், எங்க வூட்டுத் தரையப் பாத்ததுக்கு முன்ன எழுதுனதா, பின்னயா?

ஹேமந்த்: முன்னதான். சத்தியமா.

ஜெசிந்தா: படத்த நின்னு பாத்ததே இன்னிக்குக் காலையிலன்ற. பாக்காமலேயா அப்டி எழுதுன?

ஹேமந்த்: அது...

ஜெசிந்தா: இன்னாடா முழிக்கிற?

ஹேமந்த்: அந்தத் துண்டுத் தாள்ல எடம் இருக்கா?

ஜெசிந்தா: கீது. ஏன்?

ஹேமந்த்: கீழ இன்னொரு வரி சேத்துக்க. 'முன்னுரை: ஹேமந்த் என்பதை... பிரபா என்று வாசிக்கவும்.' ...போன புத்தகத்துக்கும், அதுக்கு முந்துனதுக்கும் சேத்தே போட்டுடு.