முதுகுல நம்பர் போட்ட நாற்காலி

நில்லுங்க சார், கொஞ்சம் நில்லுங்க. அந்தக் கடைசி வூட்டுக்குத்தான போறீங்க, கலியம்மாள் வூடு? போங்க, வேணாங்கல. ஆனா அந்த நாற்காலி விஷயத்த எங்கம்மாகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க. என்னைக் கேளுங்க. இங்கயே, இந்த முந்திரி மரத்தாண்டயே கேட்டுட்டுப் போங்க.

ஆமாங்க, நான்தான் தங்கராசு. அய்யனார் மவன். நீங்க நலநிதி சார்தான? தூரத்துல சைக்கிளப் பாத்ததுமே தெரிஞ்சுது. எங்க தெருவுக்குள்ள புது சைக்கிள் வந்தா ஒண்ணு நலநிதி ஆளு, இல்லாட்டி அம்மை குத்தற ஆளு. உங்க கையில ஊசி இல்ல.

சிரிக்கிறீங்க. சிரிங்க. போன தடவ வந்தவங்க சிரிக்கவே இல்ல. அதுவே எனக்குப் பயமா இருந்திச்சி.

எழுதி வெச்சிருப்பாங்களே? வூட்டுல கம்பெனி நாற்காலி, சைனா கப்பு சாஸரு, தகப்பன் பெர்மனென்ட்டு போலருக்கு, மறைச்சிட்டாங்கன்னு? எனக்கு எப்படித் தெரியும்னா, சிங்காரவேலண்ணன் சொல்லுச்சு. உங்க ஆபீஸ்ல பியூனா இருக்கே, அந்த அண்ணன்தான். எங்க தெருதான் அதுவும். அதும்மேல கோவப்படாதீங்க சார். நான்தான் அது பின்னாலயே சுத்தி நோண்டி நோண்டிக் கேட்டேன். தாங்க முடியாம சொல்லிடுச்சி.

எங்கப்பா பெர்மனென்ட்டா இருந்தா நான் ஏன் சார் உங்க பின்னால அலையறேன்? அப்பா கான்ட்ராக்ட்டு. கம்பெனி மைன்ஸ்ல, கரிக்கு மேல கெடக்கற மண்ண வாரிக் கொட்டறாரு. மேஸ்திரி கூப்புட்டா வேலை, கூப்புடலன்னா வூடு. இப்பவும் ஷிப்டுக்குத்தான் போயிருக்காரு. நம்பிக்கை இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் இருங்க. காதுக்குள்ளயும் மண்ணோட வருவாரு, பாத்துட்டுப் போங்க.

இல்லிங்க, கோவம் இல்ல. என் பேச்சே அப்படித்தான். பள்ளிக்கூடத்துலயும் இதுக்குத்தான் திட்டு வாங்குவேன். மார்க்குல கை வெக்க முடியாது, வாயில கை வெய்யிடான்னு கணக்கு வாத்தியார் சொல்வாரு.

நலநிதி நல்ல காரியம்தான். இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். கம்பெனி டவுன்ஷிப்புல சம்பளம் வாங்கறவங்க குடுக்கறாங்க, பஜார் கடைக்காரங்க குடுக்கறாங்க, காடாம்புலியூர் முந்திரி வியாபாரிங்க குடுக்கறாங்க. எல்லாம் ஒண்ணாச் சேந்து, அப்புறம் முத்தாண்டிக்குப்பம் பால்வாடிக்குப் போவுது, குறிஞ்சிப்பாடி தறிக்காரங்க படிப்பகத்துக்குப் போவுது, எஸ்எஸ்எல்சி முடிச்ச ஒரு புள்ளயப் பாலிடெக்னிக்குல சேக்கறீங்க. யாரும் உங்கள அடிச்சிக் கேக்கல, நீங்களாக் குடுக்கறீங்க. சரி. ஆனா குடுக்கறதுக்கு முன்னால வந்து பாக்கறீங்க பாருங்க, அங்கதான் சார் எல்லாம் கெடுது.

கேளுங்க. பால்வாடியில செல்லக்கிளி அக்கா இருக்குல்ல, மொதத் தடவ உங்க கமிட்டி பாக்க வருதுன்னதும் அது என்னா பண்ணிச்சி தெரியுமா? புள்ளைங்களக் குளிப்பாட்டி, எண்ணெ வெச்சி, எங்கெங்கயோ கேட்டு ஆளுக்கொரு சட்டை மாட்டி, வரிசையா உக்கார வெச்சிச்சி. வந்தவங்க பாத்துட்டு, பேஷ், இங்க எல்லாம் நல்லாத்தான் நடக்குதுன்னு கன்னத்தத் தட்டிட்டுப் போயிட்டாங்க. ஒண்ணும் வர்ல. மறுவருசம் அக்கா உஷாராயிடுச்சி. இருந்த சட்டையயும் கழட்டிடுச்சி. மூக்கத் தொடைக்கல. பாயும் வந்துது, பால் பவுடரும் வந்துது. பொய்யின்னு சொல்லாதீங்க, அந்தப் புள்ளைங்களுக்கு நெசமாவே சட்டை இல்ல. மொத வருசம் காட்டுனதுதான் பொய்யி.

குஞ்சிதபாதமும் அப்படித்தான். ஆமாங்க, போன மாசம் நீங்க எடுத்தீங்களே, அந்தப் பையன்தான். இப்ப கம்பெனியிலயே ட்ரெய்னிங்குக்கு எடுத்துட்டாங்கன்னு உங்க எடத்த வேணாம்னுட்டான். அதனாலதான திரும்ப என் பேர எடுத்துக்கினு வந்திருக்கீங்க? அவன் என் பக்கத்து பெஞ்சுதான். உங்க கமிட்டி வந்த அன்னிக்கி அவங்கம்மா தலையில ஈரத்துணி போட்டுக்கினு படுத்திருந்திச்சி. ரெண்டு குடம் தண்ணிய இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணா வெச்சிக்கினு ஓடற பொம்பள சார் அது. படுடின்னு சொல்லிப் படுக்க வெச்சாங்க. கமிட்டி போனதும் எழுந்து கூழு காச்சப் போயிடுச்சி. அவனும் ஏழதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஏழையா இருந்தா மட்டும் போதாது, பாக்க வர்ற நேரத்துல அதக் கடை பரப்பி வெக்கணும். அது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்திச்சி.

எங்கம்மாவுக்குத் தெரியல.

எங்கம்மா டவுன்ஷிப்புல ரெண்டு மூணு குவாட்டர்ஸ்ல பாத்திரம் வெளக்குது. நல்லவங்கதான் எல்லாரும். காபி குடுப்பாங்க. பின்கட்டு மாடத்துல ஒரு அலுமினிய டம்ளரு அம்மாவுக்குன்னு தனியா இருக்கும், அதுல ஊத்துவாங்க. அம்மா குடிச்சிட்டு, கழுவி, அங்கயே கவுத்துட்டு வரும். ஒரு நாளும் அதப் பத்திக் கொறை சொன்னதில்ல. நான் கேட்டா, உனக்கு எதுக்குடா அந்தப் பேச்சு, படிக்கிற வழியப் பாருன்னும்.

அப்படி இருக்கறப்ப, டவுன்ஷிப்புலேர்ந்து பெரியவங்க மூணு பேரு எங்க வூட்டுக்கு வர்றாங்கன்னு சேதி. எங்க தெருவுக்கு சார். எங்க வாசப்படிக்கு. எதுக்கு வர்றாங்கன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன், நம்ம கஷ்டத்தப் பாக்க வர்றாங்கன்னு. அம்மா காதுல விழவே இல்ல. வர்றவங்கள எங்கடா உக்கார வெக்கறதுன்னு கேட்டுக்கினே இருந்திச்சி. தூங்கல. விடிஞ்சதும் ஒரு குவாட்டர்ஸுக்குப் போயி நாற்காலி கேட்டு வாங்கிச்சி, கப்பு சாஸரு வாங்கிச்சி. எந்த வூட்டுலன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கம்பெனிச் சாமான வெளிய குடுத்தாங்கன்னு அந்தம்மாவுக்கு வம்பு வரும்.

கப்பு எதுக்குன்னு கேட்டேன். நம்ம வூட்டு டம்ளர்லயே குடுக்கலாமில்லன்னேன். அம்மா என்னைப் பாத்த பார்வ இருக்கே. டம்ளருன்னா அண்ணாந்து ஊத்திக்குவாங்கடா, வாயி படாது. கப்பத் தூக்கி அண்ணாந்து குடிக்க முடியுமா, சொல்லு? வாய வெச்சித்தான் ஆவணும்.

அவ்ளோ யோசிச்சி வெச்சிருக்கு சார்.

வந்தாங்க. இஞ்சினீயர் வெள்ளைச்சாமி சார், மாதர் சங்கத்துப் பார்வதியம்மா, அப்புறம் ஒரு முந்திரி வியாபாரி. முந்திரிக்காரரு இப்பதான் குடிச்சேன், இப்பதான் குடிச்சேன்னு கையக் கையக் காட்டுனாரு. வெள்ளைச்சாமி சார் அப்புறம் குடிக்கிறேன்னாரு. பார்வதியம்மா கப்ப எடுத்துச்சி, ஊதுச்சி, வாய வெச்சிக் குடிச்சிச்சி. முழுசா. காபி ரொம்ப நல்லாருக்கு கலியம்மான்னிச்சி. எங்கம்மா முந்தானையப் பல்லுல கடிச்சிக்கினு கதவோரம் நின்னுச்சி. அந்த மூஞ்ச நான் அதுக்கு முன்னாலயும் பாத்ததில்ல, பின்னாலயும் பாக்கல.

அப்பத்தான் வெள்ளைச்சாமி சார் கைக்குட்டையக் கீழ வுட்டுட்டு, குனிஞ்சி எடுக்கறப்ப பார்வதியம்மா உக்காந்திருந்த நாற்காலி முதுகப் பாத்தாரு. உங்களுக்குத் தெரியுமே, குவாட்டர்ஸ் நாற்காலியில வெள்ளை பெயிண்ட்டுல நம்பர் போட்டிருப்பாங்க. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதுக்கு அது ஏதோ பூ போட்டாப்பல. காலையில அந்த நம்பரயும் சேத்துப் பளபளன்னு தொடச்சி வெச்சிருந்திச்சி. நான் பாத்தேன் சார். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனா அது இப்படித் திரும்பும்னு தோணல.

அவரு மூஞ்சி மாறிப்போச்சி. உங்க வூட்டுல யாரும்மா கம்பெனியில வேலைன்னாரு. எங்கம்மா என்னா சொல்லுச்சு தெரியுமா? ஒரே சந்தோஷம், எங்க வூட்டுக்காரருதாங்க, கம்பெனி வேலதாங்கன்னிச்சி. அதுக்குக் கான்ட்ராக்ட்டும் ஒண்ணு, பெர்மனென்ட்டும் ஒண்ணு. காலையில சங்கு ஊதுனா போறாரு, கம்பெனி மண்ணத்தான வார்றாரு? நான் குறுக்க பூந்து கான்ட்ராக்ட்டு சார், கான்ட்ராக்ட்டுன்னேன். அவரு எழுந்து செருப்ப மாட்டிட்டாரு. சரி தம்பி, சரி தம்பின்னாரு. அந்த ரெண்டு சரி தம்பியிலயே எனக்குத் தெரிஞ்சி போச்சி.

ஏன் கெடைக்கலன்னு அம்மாவுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. குஞ்சிதபாதம் மார்க்கு கூடன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவன் என்னைவிடக் கம்மி, அது வேற விஷயம். கெடைக்காததப் பத்தி அது ரெண்டு நாளு அழுதுது. பார்வதியம்மா காபி குடிச்சதப் பத்தி மாசம் பூரா பேசுது. கொழாயடியில, களையெடுக்கற எடத்துல, எல்லாத்துலயும். வாய வெச்சிக் குடிச்சாங்கடி, வாய வெச்சின்னு. அந்தக் காபிதான் என் படிப்பக் கெடுத்துச்சின்னு நான் எந்த வாயால சொல்றது?

சிங்காரவேலண்ணன் தெருவுல வெச்சே என்னைக் கேட்டுச்சு, ஏண்டா, பிச்சை கேக்கறவன் சில்க் துண்டு போத்திக்கினு உக்காருவானான்னு. நாங்க பிச்சை கேக்கலண்ணா, படிக்கக் கேக்கறோம்னேன். அத போயி உன் முதுகுல எழுதி ஒட்டிக்கோன்னிச்சி. அது சொல்றதுலயும் தப்பில்ல சார். உங்க ஆபீஸ் உள்ளயே இருக்குது, யாருக்கு எப்படிக் கெடைக்குதுன்னு பாத்துக்கினேதான இருக்குது.

நீங்க சொல்றது சரிதான். கேட்டுட்டேன், எழுதிக்கிறேன், வூட்டுக்கு வர்லன்னு நீங்க இப்படியே திரும்பிடலாம். வேணாங்க. அம்மா வாசத் தெளிச்சி வெச்சிருக்கு. தெருவே பாத்துக்கினு இருக்கு. பாதி வழியில திரும்பிட்டீங்கன்னா அது பெரிய அசிங்கமாப் போயிடும். வாங்க. வந்து உக்காருங்க. எங்கப்பா என்னா வேலைன்னு அம்மாகிட்டக் கேக்காதீங்க, மேஸ்திரிகிட்ட கேட்டுக்கோங்க. கடைசி நாளு வர்ற திங்கக்கெழம. அன்னிக்கிப் பாலிடெக்னிக்குல பேரு குடுக்கலன்னா நானும் அப்பா கூட மண்ணு வாரத்தான். அதச் சொல்லி உங்ககிட்ட அழ மாட்டேன். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க காபி குடிப்பீங்களா?

சரிங்க. அது போதும்.

சைக்கிள நான் தள்ளிக்கினு வர்றேன், குடுங்க. மணல்ல வராது. தோ, வாசல்ல நிக்குது பாருங்க எங்கம்மா. நல்ல பொடவ கட்டியிருக்கு, பாத்தீங்களா? அதுக்கிட்ட இருக்கறதுலயே அது ஒண்ணுதான் கிழியாதது.

காலையிலயே சிங்காரவேலண்ணன் வந்துது சார். எல்லாத்தயும் வரிசையா சொல்லிட்டுப் போச்சி. வூட்டக் காலி பண்ணி வெய்யி, வர்றவர வெறுந்தரையில உக்கார வெய்யி, அப்பாவ வேலைக்கு அனுப்பாத, அம்மாவக் கிழிசல் கட்டச் சொல்லு, நாற்காலி மட்டும் உள்ள வந்துதுன்னா நீ இந்த ஜென்மத்துல படிக்கப் போறதில்லன்னிச்சி. நானும் தலைய ஆட்டிக்கினுதான் வூட்டுக்குள்ள போனேன். அம்மா அடுப்புக்கிட்ட உக்காந்துக்கினு காபிக்கொட்ட வறுத்துக்கினு இருந்திச்சி. என்னைப் பாத்துட்டு, டேய், அவங்க வூட்டுல சொல்லி வெச்சிருக்கேன், போயி எடுத்துக்கினு வாடான்னிச்சி.

நாற்காலியத் தலையில கவுத்துக்கினு, கப்பு சாஸரக் கையில புடிச்சிக்கினு நான்தான் சார் தூக்கியாந்தேன். உள்ளதான் கெடக்குது. முதுகுல துண்டு போட்டு நம்பர மூடிடலாமான்னு பாத்தேன். ச்சீன்னு ஆயிடுச்சி, வுட்டுட்டேன்.

அம்மாகிட்ட சொல்லிடுடா, இந்தத் தடவ நாற்காலியும் வேணாம், கப்பும் வேணாம்னு. போறப்ப அண்ணன் திரும்பவும் சொன்னது அது ஒண்ணுதான்.

நான் சொல்லல.