நயா கானா

"பாட்டுப் பாடப் போயி சோறு கேட்டுட்டோம், மேரி."

ஞாயிறு காலை. பரவைக்குப் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் தேவாலயப் பாட்டுப் புத்தகம்.

"என்ன டீச்சர்?"

"போன வாரம் வடக்கத்தி மில்லுப் பிள்ளைகளுக்காக இந்திப் பாட்டு ஒண்ணு தமிழ் எழுத்துல எழுதிக் குடுத்தேன்ல. 'நயா கானா காயேங்கே', புதுப் பாட்டுப் பாடுவோம்னு. அந்த 'க' வேறயாம். நாம பாடுன 'க'வுக்குப் புதுச் சோறு திம்போம்னு அர்த்தமாம்."

"அதான் சிரிச்சாங்களா?"

"இனிமே கோயிலுக்கு வருவாங்களான்னு பயமா இருக்கு."

"வாராங்க டீச்சர். விடியவே வீட்டுக்கு வந்து எங்கிட்ட இருந்த கோயில் அண்டாவ வாங்கிட்டுப் போனாங்க."

"அண்டா எதுக்கு?"

"தெரியல. எம்புட்டுப் பேரு பாடுனீங்கன்னு மட்டும் கேட்டாங்க."