வாசலில் கிடந்த நீலச் செருப்பு

சூலியா தெருவில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஒரு கிழவர். பக்கத்தில் அவர் தெருவைச் சேர்ந்த ஒரு பெண். கிழவர் திடீரென்று சீறினார்.

“திருடன் செருப்ப வாசல்ல கழட்டிப் போட்டுட்டுதான் ஒன் வீட்டுக்குள்ள போயிருக்கான்!”

“என்னண்ணே சொல்றீங்க? போலீஸ்கூட அப்படிச் சொல்லலையே!”

“போலீஸ் பூட்டத்தான் பாத்துச்சு. நீ வந்த சத்தம் கேட்டதும், ஒன் சங்கிலியோட பின்கதவு வழியா வெறுங்காலா ஓடிட்டான். நீலச் செருப்பு வாசல்லயே கெடந்துச்சு. யாருதுன்னு கேட்டியா நீ?”

“எங்க வீட்டுக்காரருதுன்னு நெனச்சேன். அவரு என் தம்பியோடதுன்னு நெனச்சிருக்காரு.”

“நல்ல குடும்பம்லா! நேத்து அத எடுத்துட்டுப் போயி கோயில் வாசல்ல, மத்த செருப்புங்களுக்கு நடுவுல வெச்சிட்டு உக்காந்தேன். பூஜை முடிஞ்சு ஒருத்தன் பேசிக்கிட்டே வெளிய வந்தான். புதுச் செருப்புல வந்தவன், பழக்கத்துல இந்த நீலத்துல கால விட்டுட்டு நடந்தான்.”

அவள் பாதி எழுந்துவிட்டாள். “யாருண்ணே, யாரு?”

“ஒன் பக்கத்து வீட்டுக்காரன். திருட்டுப் போன நாள்லேர்ந்து ஒனக்கு ஆறுதல் சொல்ல வர்றானே, அவனேதான்.”

“ஐயோ அண்ணே! பூட்டு மாத்த ஆள் வருதுன்னு இப்பதான் வீட்டுச் சாவிய அவர்கிட்ட குடுத்துட்டு வந்தேன்!”

கிழவர் மணியை அழுத்தக் கையை நீட்டினார். அதற்குள் பஸ்ஸில் மூன்று பேர் அழுத்திவிட்டார்கள்.